ஒரு எழுத்தின் காலில் பல மடங்கு விலை! வெள்ளி நாணயத்தில் ஒளிந்திருக்கும் வித்தியாசங்கள்

வெள்ளி ஒன்றுதான். எடையும் ஒன்றுதான். மேலே போட்டிருக்கும் ஆண்டும் ஒன்றுதான். ஆனால் ஒரு நாணயம் சாதாரண விலைக்குப் போகிறது. பக்கத்தில் இருக்கும் இன்னொன்று பல மடங்கு விலைக்குப் போகிறது!

இது என்ன மாயம்?

மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. எல்லாம் ஒரே ஒரு எழுத்தின் கால் செய்த வேலை!

அமெரிக்க அரசு வெளியிடும் "வெள்ளிக் கழுகு" நாணயத்தில்தான் இந்த வேடிக்கை. விவரம் தெரிந்தவர்கள் பூதக்கண்ணாடியும் கையுமாக அலைகிறார்கள். தெரியாதவர்களோ அபூர்வ நாணயத்தை எடைக்குப் போட்டுவிட்டு, கிடைத்த பணத்தை எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்!

வெள்ளிக் கழுகு

அமெரிக்காவில் இந்த நாணயம் வெளிவரத் தொடங்கியது 1986-ம் ஆண்டில். அதற்கு முந்தைய ஆண்டு ஜனாதிபதி ரீகன் அதற்கான சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ராணுவத் தேவைக்காக அரசு சேர்த்து வைத்திருந்த வெள்ளிதான் முதலில் நாணயமாக மாறியது. அந்த இருப்பு தீர்ந்ததும், 2002-ல் இன்னொரு சட்டம் போட்டார்கள். அதன் பிறகு சந்தையில் வெள்ளி வாங்கி அடிக்கிறார்கள்.

நாணயத்தின் எடை ஒரு அவுன்ஸ். அதாவது 31.1 கிராம். நம் ஊர்க் கணக்கில் நாலு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. குறுக்களவு 40.6 மில்லி மீட்டர். ஆயிரத்தில் 999 பங்கு சுத்த வெள்ளி.

மேலே "ஒரு டாலர்" என்று போட்டிருக்கும். அது பேருக்குத்தான்! ஒரு டாலருக்கு இதைக் கொடுத்துவிட்டு யாரும் காபி குடிக்க மாட்டார்கள். வெள்ளியாகச் சேர்த்து வைப்பதற்கென்றே அடிக்கப்படும் நாணயம் இது.

ஒரு பக்கம் சுதந்திர தேவி நடந்து வருகிறாள். சிற்பி அடால்ப் வெயின்மேன் 1916-ல் அமெரிக்க அரை டாலருக்காக அமைத்த உருவம் அது. மறு பக்கம் கேடயத்துடன் கழுகு. அதை அமைத்தவர் ஜான் மெர்கான்டி.

"யு" எழுத்தின் வால்!

இனி அந்தக் கால் விவகாரத்துக்கு வருவோம்.

கழுகு இருக்கும் பக்கத்தில் "யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆப் அமெரிக்கா" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதில் முதல் எழுத்து "யு".

2007 வரை அந்த எழுத்து கிண்ணம் போல வழவழவென்று வளைந்து இருந்தது. 2008-ல் அச்சைக் கொஞ்சம் திருத்தினார்கள். "யு" எழுத்தின் வலது கால் கீழே நீண்டது. ஒரு சின்ன வால் முளைத்தது.

இதோடு போயிருந்தால் பேச்சே இல்லை. ஆனால் வெஸ்ட் பாயின்ட் நாணயச் சாலையில் ஒரு தவறு நடந்துவிட்டது. ஒரு பக்கம் 2008 அச்சு. மறு பக்கம் பழைய 2007 அச்சு. இரண்டையும் சேர்த்துப் போட்டு அடித்துத் தள்ளிவிட்டார்கள்!

சுமார் 47 ஆயிரம் நாணயங்கள் இப்படி வெளியே வந்துவிட்டன.

நாணயம் சேகரிப்போர் சும்மா இருப்பார்களா? வால் இல்லாத "யு" எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவுதான், விலை எகிறியது!

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. இந்தக் கலப்பு நடந்தது "டபிள்யூ" முத்திரை உள்ள, சேகரிப்போருக்கான மெருகு நாணயத்தில் மட்டும்தான். 2008 என்று போட்ட எல்லா நாணயத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, "லட்சாதிபதி ஆகிவிட்டேன்" என்று துள்ளிக் குதிக்கக் கூடாது.

நாலு விதமான பளபளப்பு

"வெள்ளி என்றால் பளபள என்று இருக்கும். அதில் என்ன விதம்?" என்று கேட்கலாம்.

இருக்கிறது. ஒரே கழுகு நாணயம், முக்கியமாக நாலு விதத் தோற்றத்தில் வருகிறது.

முதலாவது, சாதாரண நாணயம். முதலீட்டுக்காக லட்சக் கணக்கில் அடிப்பது. இதில் எந்த ஊர் நாணயச் சாலை என்று காட்டும் எழுத்து இருக்காது.

இரண்டாவது, மெருகு நாணயம். அடிப்பதற்கு முன்பே வெள்ளி வில்லைக்கு மெருகு ஏற்றிவிடுவார்கள். பார்த்தால் பட்டுத் துணி மாதிரி மென்மையான பளபளப்பு. 2006 முதல் வருகிறது. பெரும்பாலும் "டபிள்யூ" முத்திரை இருக்கும். இதையும் சாதாரண நாணயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்கூடப் புதியவர்கள் ஏமாந்து போவார்கள். முத்திரையைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

மூன்றாவது, "புரூப்" நாணயம். பின்னணி கண்ணாடி மாதிரி இருக்கும். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்! தேவியும் கழுகும் மட்டும் பனி படர்ந்தாற்போல வெள்ளையாகத் தெரியும்.

நாலாவது, "ரிவர்ஸ் புரூப்". பெயரே சொல்கிறது. எல்லாம் தலைகீழ். பின்னணி பனி, உருவம் கண்ணாடி!

இந்த நாலாவது வகை முதன் முதலில் 2006-ல் வந்தது. வெள்ளிக் கழுகின் 20-வது ஆண்டு நிறைவுக்காக மூன்று நாணயம் கொண்ட பெட்டியாக வெளியிட்டார்கள். மொத்தம் 2,50,000 பெட்டிதான் என்று வரம்பு கட்டினார்கள்.

2011-ல் 25-வது ஆண்டு. இந்தத் தடவை ஐந்து நாணயம் கொண்ட பெட்டி. வரம்பு ஒரு லட்சம் பெட்டி. விற்பனை தொடங்கிய சில மணி நேரத்தில் எல்லாம் காலி! அந்தப் பெட்டியில் இருந்த "எஸ்" முத்திரை மெருகு நாணயமும், "பி" முத்திரை ரிவர்ஸ் புரூப் நாணயமும் வேறு வழியில் வாங்க முடியாதவை.

2019-ல் கண்ணாடியும் பனியும் இன்னும் நுணுக்கமாகக் கலந்த ஒரு புது வகை வந்தது. "எஸ்" முத்திரை. வரம்பு 30 ஆயிரம். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை!

தங்கத்தோடு வந்த வெள்ளி

எல்லாவற்றுக்கும் ராஜா எது?

1995-ம் ஆண்டு "டபிள்யூ" முத்திரை புரூப் நாணயம்!

கழுகு நாணயத் திட்டத்தின் பத்தாவது ஆண்டை ஒட்டி, அமெரிக்க நாணயச் சாலை ஒரு பெட்டி வெளியிட்டது. உள்ளே நாலு தங்க நாணயம், ஒரு வெள்ளி நாணயம். பெட்டியின் விலை 999 டாலர். அந்த வெள்ளி நாணயத்தைத் தனியாகத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வெள்ளி மட்டும் சேர்ப்பவர்களுக்கு ஒரே கோபம். "ஒரு வெள்ளிக் காசுக்காக நாலு தங்கக் காசு வாங்க வேண்டுமா?" என்று பலர் விட்டுவிட்டார்கள்.

விட்டவர்கள் பிறகு கையைப் பிசைந்தார்கள். அடித்தது 30,125 நாணயங்கள்தான். விலை பல ஆயிரம் டாலருக்குப் போய்விட்டது.

இங்கேதான் உஷார் வேண்டும். அதே 1995-ல் "பி" முத்திரையோடு வந்த புரூப் நாணயங்கள் நாலு லட்சத்துக்கு மேல். இரண்டுக்கும் கழுகு ஒன்று, தேவி ஒன்று, பளபளப்பு ஒன்று. வித்தியாசம் கடுகு அளவுள்ள அந்த எழுத்து மட்டும்தான். அந்தக் கடுகை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தால் அம்போதான்!

இன்னொரு வேடிக்கை. 2009-ல் அமெரிக்க நாணயச் சாலை வெள்ளிக் கழுகில் புரூப் அடிக்கவே இல்லை. சாதாரண நாணயத்துக்கு அவ்வளவு கிராக்கி. இருந்த வில்லையெல்லாம் அதற்கே போய்விட்டது. ஆகையால் "2009 புரூப்" என்று யாராவது நீட்டினால், கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான். அது அரசு அடித்த புரூப் அல்ல!

ஒரே ஆண்டில் இரண்டு கழுகு

2021-ல் கழுகே மாறிவிட்டது.

ஆண்டின் முதல் பாதியில் பழைய கேடயக் கழுகு. பிற்பாதியில் புதுக் கழுகு. ஓக் மரக் கிளையைப் பற்றிக்கொண்டு கூட்டுக்கு வந்து இறங்குகிறது. எமிலி டாம்ஸ்ட்ரா என்ற பெண் கலைஞரின் கைவண்ணம்.

ஆக, 2021 என்று ஆண்டு போட்ட நாணயத்தில் இரண்டு வகை. ஆண்டை மட்டும் சொல்லி வாங்கினால், எந்தக் கழுகு கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

புது நாணயத்தில் ஒரு ரகசியமும் வைத்திருக்கிறார்கள். விளிம்பைச் சுற்றிப் பல் பல்லாகக் கோடுகள் இருக்கும் அல்லவா? அதில் ஓரிடத்தில் மட்டும் பல் விழுந்த மாதிரி ஒரு இடைவெளி! கள்ள நாணயம் அடிப்பவர்களுக்கு வைத்த பொறி அது.

லண்டனிலும் குளறுபடி!

தவறு செய்வதில் அமெரிக்கா மட்டும் தனி இல்லை. ராணி ஆண்ட பிரிட்டனின் ராயல் மின்ட்டும் 2014-ல் மாட்டிக்கொண்டது.

அங்கே "பிரிட்டானியா" என்று ஒரு வெள்ளி நாணயம். "குதிரை ஆண்டு" என்று இன்னொரு வெள்ளி நாணயம். இரண்டிலும் ஒரு பக்கம் ராணி எலிசபெத் தலை. பிரிட்டானியாவின் ராணித் தலையைச் சுற்றி விளிம்போரம் பற்கள் போன்ற அலங்காரம் உண்டு. குதிரை நாணயத்தில் அது கிடையாது. விளிம்பு மொட்டையாக இருக்கும்.

ராணித் தலை அச்சு இடம் மாறிவிட்டது! குதிரைக்கு உரிய தலை பிரிட்டானியாவுக்குப் போனது. பிரிட்டானியா தலை குதிரைக்கு வந்தது.

இப்படி சுமார் 17 ஆயிரம் பிரிட்டானியாவும், சுமார் 38 ஆயிரம் குதிரையும் வெளியேறிவிட்டன. வெள்ளி விலைக்கு வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தவர்களில் பலருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. விளிம்பைப் பார்க்காமல் விற்றவர்களுக்குப் பட்டை நாமம்!

ஆண்டு தெரியாவிட்டால் ஆபத்து

வேறு நாட்டு நாணயங்களிலும் ஆண்டுக்கு ஆண்டு விதி மாறும். இது தெரியாமல் நல்லதைப் போலி என்றும், போலியை நல்லது என்றும் சொல்லிவிடுவார்கள்.

சீனாவின் "பாண்டா" நாணயம் ஒரு அவுன்ஸ் எடையில் வந்துகொண்டிருந்தது. 2016-ல் அதை 30 கிராமாக மாற்றிவிட்டார்கள். ஆகவே 2016-க்குப் பிந்தைய பாண்டா 31.1 கிராம் நின்றால் சந்தோஷப்படக் கூடாது. சந்தேகப்பட வேண்டும்! பாண்டாவின் படம் பொதுவாக ஆண்டுதோறும் மாறும். ஆனால் 2001, 2002 இரண்டு ஆண்டுக்கும் ஒரே படம்.

மெக்சிகோவின் "லிபர்டாட்" நாணயம் 1995 வரை 36 மில்லி மீட்டர் அகலம். 1996 முதல் 40 மில்லி மீட்டர். பழையது சின்னதாக இருக்கிறதே என்று தள்ளிவிடக் கூடாது. எடை அதே ஒரு அவுன்ஸ்தான்.

பிரிட்டானியா 2012 வரை ஆயிரத்துக்கு 958 பங்கு வெள்ளி. 2013 முதல் 999. 2021 முதல் இன்னொரு வித்தை. நாணயத்தைச் சாய்த்தால் திரிசூலம் போன்ற ஈட்டி, பூட்டாக மாறித் தெரியும். பின்னால் கடல் அலை அசைவது போலவும் இருக்கும்!

கனடாவின் "மேப்பிள் இலை" நாணயத்தில் 2014 முதல் சூரியக் கதிர் மாதிரிக் கோடுகள். பிறகு வந்த நாணயங்களில் கடுகளவு இலை ஒன்று இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தால் அந்த இலைக்குள் ஆண்டின் கடைசி இரண்டு எண் தெரியும். முதல் பார்வையில் கீறல் என்று நினைத்து ஏமாந்தவர்களும் உண்டு.

கண்ணுக்கே தெரியாத வித்தியாசம்

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடியவை. எந்தப் பூதக்கண்ணாடிக்கும் சிக்காத ஒன்றும் இருக்கிறது.

2015-ல் பிலடெல்பியா நாணயச் சாலையில் 79,640 சாதாரண வெள்ளிக் கழுகுகள் அடிக்கப்பட்டன. மற்ற ஊரில் அடித்ததற்கும் இதற்கும் இம்மியளவு வித்தியாசம் இல்லை. முத்திரையும் இல்லை. எண்ணிக்கை குறைவு என்ற விஷயமே பிற்பாடுதான் வெளியே தெரிந்தது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பெட்டியை வைத்து! நாணயச் சாலையிலிருந்து 500 நாணயம் கொண்ட பெரிய பெட்டியாக, சீல் வைத்துத்தான் வரும். அந்தப் பெட்டியின் வரிசை எண்தான் சாட்சி. சீலை உடைத்துவிட்டால் சாட்சியும் போச்சு, அபூர்வமும் போச்சு!

ஆகவே தனி நாணயம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இது பிலடெல்பியாவில் அடித்தது, விலை அதிகம்" என்று யாராவது சொன்னால், நம்புவதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. சீல் உடைபடாத பெட்டியிலிருந்து எடுத்துப் பரிசோதித்து, அதற்கென்று உள்ள தர நிர்ணய நிறுவனம் பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தந்திருக்க வேண்டும். அந்தப் பேழையையே போலியாகச் செய்கிற கில்லாடிகளும் இருக்கிறார்கள்! பேழை எண்ணை நிறுவனத்திடம் சரிபார்ப்பது அவசியம்.

போலியைப் பிடிப்பது எப்படி?

அபூர்வம் கிடக்கட்டும். முதலில் அது வெள்ளிதானா?

தராசில் போட வேண்டும். 31.1 கிராம் நிற்க வேண்டும். பிறகு குறுக்களவும் கனமும் பார்க்க வேண்டும். வெள்ளிக் கழுகின் கனம் 2.98 மில்லி மீட்டர்.

செம்பு வெள்ளியைவிட லேசான உலோகம். செம்பில் செய்து வெள்ளி முலாம் பூசினால், அளவைச் சரியாக வைத்தால் எடை குறையும். எடையைச் சரியாக வைத்தால் நாணயம் தடிக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் சரிக்கட்டுவது போலிக்காரனுக்குப் பெரும் தலைவலி!

அடுத்தது காந்தம். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. நாணயத்தைச் சாய்த்துப் பிடித்து, நல்ல வலுவான காந்தத்தை மேலே விட்டால், அது சர்ரென்று விழாது. எண்ணெயில் வழுக்குவது போல மெதுவாக இறங்கும். ஆனால் செம்பிலும் இதே போல நடக்கும். ஆகையால் காந்தத்தை மட்டும் நம்பக் கூடாது. தராசும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும்.

தேய்த்தால் போச்சு!

கடைசியாக ஒரு எச்சரிக்கை. அபூர்வ நாணயம் வைத்திருப்பவர்கள் அதிகமாகப் பணத்தை இழப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வீடுகளில் வெள்ளி கறுத்தால் என்ன செய்வோம்? விபூதி போட்டுத் தேய்ப்போம். குத்துவிளக்குக்கும் குங்குமச் சிமிழுக்கும் அது சரி. நாணயத்துக்கு அதுவே எமன்!

வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகத்தால். அது இயற்கை. தேய்த்தால் கறுப்பு மட்டுமா போகும்? கண்ணாடிப் பளபளப்பும், பனி படர்ந்த வெள்ளையும், பட்டு மெருகும் சேர்ந்தே போய்விடும். மெல்லிய கீறல்கள் விழும். ஒரு நிமிட வேலையில் அபூர்வ நாணயம் வெறும் வெள்ளித் துண்டாகிவிடும்.

சில நாணயங்களில் பால் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் வரும். மேப்பிள் இலை நாணயத்தில் இது பெரிய தொல்லையாக இருந்தது. 2018-ல் கனடா நாணயச் சாலை இதைக் குறைக்கத் தனி முறை கொண்டுவந்தது. அந்தப் புள்ளியையும் தேய்க்கக் கூடாது. தேய்த்தாலும் பெரும்பாலும் போகாது!

நாணயத்தைப் பிடிக்கும்போது விளிம்பை மட்டும் விரலால் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் பட்டால் ரேகை நிரந்தரமாகப் பதிந்துவிடும். புரூப் நாணயத்தில் அது பளிச்சென்று காட்டிக் கொடுக்கும்.

விற்பதற்கு முன்னால்...

வெளிநாட்டிலிருந்து வந்த இப்படிப்பட்ட நாணயம் யார் பெட்டியிலாவது இருந்தால், தராசுக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் செலவிட வேண்டும்.

முதலில் ஆண்டைப் பார்க்க வேண்டும். பிறகு கழுகுப் பக்கத்தில் முத்திரை எழுத்து இருக்கிறதா என்று தேட வேண்டும். அடுத்து வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணாடி எங்கே, பனி எங்கே என்று பார்க்க வேண்டும். 2008 என்று போட்டு "டபிள்யூ" முத்திரையும் இருந்தால், "யு" எழுத்தின் காலைப் பார்க்க வேண்டும்.

வால் இருந்தால் அது சாதாரண மெருகு நாணயம். நஷ்டம் ஒன்றும் இல்லை. 31 கிராம் வெள்ளி எங்கேயும் ஓடிவிடாது.

வால் இல்லையா? அப்படியானால் எடைக்குப் போடாதீர்கள். தேய்க்காதீர்கள். யாரிடமும் காட்டி அவசரப்பட்டு விலை பேசாதீர்கள். விவரம் தெரிந்த இரண்டு பேரிடமாவது விசாரித்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள்!